கறையில்லாத மௌனம்

"எல்லா ஓசைகளும் கடைசியில் மௌனத்தையே சென்று சேர்கின்றன; அதை அறியாதவன் இசையை அறியாதவன்." நகர இசைக்குழுவின் நிகழ்ச்சிக் கையேட்டில் இந்த வாசகம் தடித்த எழுத்தில் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் முதுகு வலிக்காத மெத்தைக்கு விளம்பரம். வாசகத்தை எழுதியவர் குழுவின் நடத்துநர். கடைசி சுரம் அடங்கிய பிறகும் கைகளை மேலேயே நிறுத்தி வைப்பார். அவை இறங்கும்வரை அரங்கில் யாரும் அசையக் கூடாது என்பது கொள்கை. வயலின்காரர்கள் அவருக்கு மௌனசாமி என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். கிண்டல் என்பதுதான் தெரியாது. பட்டம் என்று நினைத்திருந்தார்.

ஞாயிறு பிற்பகல் கச்சேரி பொது வானொலியில் நேரடியாகப் போகவிருந்தது. வழக்கமாகப் போவதுதான் என்றாலும் இந்த முறை விஷயம் வேறு. மறுநாள் காலை நிர்வாகக் குழு கூடி, அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும். குழுவில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. மீதிப் பேருக்கு அவர் யாரென்று நினைவில்லை. ஆக, எல்லாம் தலைவர் அம்மாள் கையில் இருந்தது. அந்த அம்மாளோ குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் படுத்திருந்தார். கச்சேரியை ரேடியோவில்தான் கேட்கப் போகிறார்.

அரங்கின் பின்பக்கம், உடை மாற்றும் அறைக்கும் கழிவறைக்கும் நடுவே வானொலிக்காரர்களுக்கு ஒரு சிற்றறை ஒதுக்கியிருந்தார்கள். ஒலிப்பதிவாளர் பெண்மணி ஒயர்களுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சார், கடைசியில நீங்க எவ்வளவு நேரம் சும்மா நிப்பீங்க?"

"அது சும்மா நிக்கிறது இல்லம்மா. கச்சேரியோட உச்சமே அதுதான்."

"உச்சமாவே இருக்கட்டும் சார். எவ்வளவு நேரம்? நிலையத்துல ஒரு மெஷின் இருக்கு. அரை நிமிஷம் சத்தம் வரலேன்னா, லைன் அறுந்துபோச்சுன்னு அதுவா முடிவு பண்ணி, கையில இருக்கற ரெக்கார்டை எடுத்துப் போட்டுடும்."

"ஒத்திகையில பாத்தீங்க இல்ல? அதே அளவுதான்."

ஒத்திகையில் அந்த மௌனம் ஒரு கொட்டாவி நேரம்தான் இருந்தது. பெண்மணி திருப்தியாகத் தலையாட்டிவிட்டு டீயை எடுத்துக்கொண்டார். ஆனால் ஒத்திகையில் இருமுவதற்கு ஆள் கிடையாது என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

கச்சேரி குறையில்லாமல் நடந்தது. முடிவில் செல்லோக்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, ஒற்றை வயலின் மட்டும் நூலாக இழுத்து, அதுவும் அறுந்தது. மௌனசாமியின் கைகள் மேலே நின்றன. கண்கள் மூடிக்கொண்டன. கையேட்டைப் படித்திருந்த அரங்கு அசையாமல் இருந்தது. அப்போது மூன்றாம் வரிசையில் ஒருவர் இருமினார்.

மௌனசாமிக்கு இருமல் கலந்த மௌனம் ஈ விழுந்த பால் மாதிரி. கொட்டிவிட்டுப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். கைகளை இறக்காமலே முதலிலிருந்து ஆரம்பித்தார். அது கனிந்து வரும் வேளையில் மாடி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மறுபடி முதலிலிருந்து. டிரம் வாசிப்பவருக்குத் தூக்கிய குச்சியோடு நின்றதில் தோள் நடுங்கியது. ஹார்ன் வாசிக்கும் பெண்ணுக்கு வந்த சிரிப்பை அவள் மூக்கோடு அடக்கினாள். இருமலையும் கிறீச்சையும் சத்தம் என்று மதிக்கும் அளவுக்கு நிலையத்து மெஷினுக்கு நுண்ணுணர்வு போதாது. சிற்றறையில் பெண்மணி நிலையத்தை போனில் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை.

கடைசியில் கறையில்லாத ஒரு மௌனம் வாய்த்தது. அதை முழுசாக அனுபவித்துவிட்டுத்தான் கைகளை இறக்கினார். ஜனங்கள் விடுதலையானவர்களைப் போலக் கைதட்டினார்கள். ஒலிப்பதிவாளர் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு, அவர் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

வீட்டில் மனைவி ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருந்துச்சு?" ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"நல்லா இருந்துச்சுங்க."

"கடைசி?"

"கடைசிதான் ரொம்ப நல்லா இருந்துச்சு. நடுவுல கொஞ்ச நேரம் சத்தமே வரல. நம்ம ரேடியோதான் போயிடுச்சுன்னு ரெண்டு தட்டு தட்டினேன். பேண்டு கெளம்பிடுச்சு. அது முடியறதுக்குள்ள செய்தி வந்துடுச்சு."

"என்ன பேண்டு?"

"என்னைக் கேட்டா? நடத்தினது நீங்கதானே."

மனைவி போனில் பதிவு செய்திருந்ததைப் போட்டுக் காட்டினார். பெரிய டிரம்மும் ஊதுகருவிகளும் கும்மாளமிடும் ஓர் அணிவகுப்பு இசை. ஆரம்பத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. வாசித்தது இதே குழுதான். நடத்தியவர் இவருக்கு முன்னால் இந்தப் பதவியில் இருந்தவர். பேட்டிக்குப் பேட்டி 'அந்த மைதானத்துக்காரர்' என்று இவர் நக்கலடித்த ஆள். அந்த ஆளின் ரெக்கார்டைத்தான் வானொலிக்காரர்கள் ஆபத்துக்கு உதவும் என்று எடுத்து வைத்திருக்கிறார்கள்.

"அந்த அம்மா இதைத்தான் கேட்டிருப்பாங்க." நாற்காலியில் சரிந்தார். "போச்சு. நாளைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"நடந்ததைச் சொல்லிடுங்களேன். மெஷின் பண்ணின வேலைதானே?"

"சொல்லத்தான் போறேன். கலைஞனுக்கு உண்மைதான் முதல்ல."

போன் அடித்தது. தலைவர் அம்மாள்தான்.

"தம்பி," என்றார். அவரை இதுவரை தம்பி என்று கூப்பிட்டதில்லை. "என்ன இப்படி அசத்திட்டீங்க? இத்தனை வருஷமா இழுஇழுன்னு இழுத்துத் தூங்க வெச்சீங்க. இன்னிக்கும் அப்படித்தான் கண்ணைச் சொக்குது. திடீர்னு ஒரு போடு போட்டீங்க பாருங்க, கட்டுப் போட்ட கால் தன்னால தாளம் போடுது. நாளைக்கு மீட்டிங்ல நான் பேசிக்கறேன். எவன் குறுக்க வரான்னு பாக்கறேன்."

மடித்த துண்டோடு நின்ற மனைவி, சொல்லுங்க என்று உதட்டை அசைத்தார்.

"அம்மா, அது வந்து..."

"அடக்கமெல்லாம் வேணாம் தம்பி. அந்தக் கடைசி அயிட்டத்துக்கு ரொம்ப நாள் ஒத்திகை பாத்திருப்பீங்களே?"

அவர் மனைவிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். மூன்று வாரம் பார்த்ததாகச் சொன்னார்.