போசமும் மரநாயும்

மெல்பேர்ணில் பதினைந்து வருடம் இருந்த என் தம்பி சதீசனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. ஆறு மாத மகளுக்கு நயினாதீவு அம்மன் கோயிலில் முதற்சோறு ஊட்டுவதற்காக, வேலணையில் என் வீட்டில் வந்து தங்கினான். வந்த அன்றே, குழந்தையின் கட்டிலுக்கு நேரே மேலே சீலிங்கில் மஞ்சள் கறையைக் கண்டுவிட்டான்.

"மரநாய்தான். கொஞ்ச நாளா மேல ஓடித் திரியுது," என்றேன்.

"அங்க எங்கட வீட்டிலயும் இதே ஆள்தான் அக்கா. போசம் எண்டு சொல்லுவினம். பூனையளவு, புசுபுசுவெண்டு வால். பகல் முழுக்கக் கூரைக்குள்ள நித்திரை. பொழுதுபட்டாப் பழம் தின்ன வெளிக்கிட்டிடும். அந்த நேரம் பாத்து ஓட்டையை அடைச்சாச் சரி."

"குட்டி இருந்தா?"

"போசம் குட்டியை விட்டிட்டுப் போகாது. வயித்துப் பைக்குள்ள வச்சிருக்கும். வளந்தா முதுகில ஏத்திக்கொண்டு திரியும்."

பொழுதுபட, மரநாய் கூரை ஓட்டையிலிருந்து மாமரத்துக்குத் தாவியது. தம்பி ஏணியில் ஏறிப் பலகை வைத்து ஆணி அடித்தான்.

"முதுகில ஒண்டையும் காணேல்லயேடா."

"பைக்குள்ள இருக்கும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது. இரண்டு இரவும் கூரையில் பிறாண்டும் சத்தம் கேட்டது. வேறு இடம் தேடிப் போய்விடும் என்றான் தம்பி.

மூன்றாம் நாள் விடிய, நயினாதீவுக்குப் படகேறக் குறிகட்டுவான் துறைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். கரண்ட் நின்று ஃபான் ஓய்ந்தது. குழந்தை அழும் சத்தம். தம்பியின் மனைவி நிலுஷா ஓடிப்போய்த் தூக்கினாள். குழந்தை நல்ல நித்திரை. அழுகை மேலிருந்து வந்தது.

நிலுஷாவின் புதுச்சேலை மார்பில் பாலால் நனைந்துகொண்டிருந்தது.

வெளியே ஓடினோம். அடைத்த பலகை முழுக்க நகக்கீறல், காய்ந்த இரத்தம். தம்பி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு இறங்கினான். சற்று நேரத்தில், பகலில் கண்ணிலேயே படாத மரநாய், எங்கள் எல்லோருக்கும் முன்னால் மாமரத்திலிருந்து கூரைக்குப் பாய்ந்தது. ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போனது. திரும்பி வந்து இன்னொன்று. மூன்றாம் முறை வெறும் வாயோடு வெளியே வந்து, எங்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

தம்பி ஏறிக் கையை விட்டான். உள்ளங்கையளவு குட்டி. சூடு ஆறியிருந்தது.

"பசியில செத்திருக்கு," என்றாள் நிலுஷா. குழந்தையை என்னிடம் நீட்டினாள். "மச்சாள், கோயிலில நீங்களே சோறு தீத்துங்கோ. அவரின்ர கையால வேண்டாம்."