காந்தன் காட்டிய எல்லை

சகலைக்கு நல்லது நடந்தால் சந்தோஷப்படுகிற மனிதர்களும் உலகத்தில் இருக்கலாம். காந்தன் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவருடைய மனைவி ராகினியின் அக்கா இந்திராதேவியைக் கட்டியவர் தனபாலன். இருபத்தெட்டு வருஷமாக இருவரும் சகலைகள். காந்தன் பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராகி முதல் கார் வாங்கினார். அதே மாதம் தனபாலன் டயர் கடை போட்டு இரண்டாவது கார் வாங்கினார். காந்தனின் மகன் டிப்ளோமா முடித்தான். தனபாலனின் மகளுக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. இதையெல்லாம் காந்தன் பொறுத்துக்கொண்டார். பொறுத்துக்கொண்டார் என்றால் வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒரு விஷயத்தில் அவர் கை மேலே இருந்தது. அது கோயில். சுங்கை ரம்பாய் போகும் வழியில் இருக்கிற பழைய தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து ஜனங்களும் டவுன் பக்கம் போய்விட்டார்கள். சாமிகள் மட்டும் இடம் பெயரவில்லை. முதல் டிவிஷனில் மாரியம்மன் கோயில், தலைவர் காந்தன். கூப்பிடு தூரத்தில் இரண்டாவது டிவிஷன், அங்கே மரத்தடியில் முனீஸ்வரர், தலைவர் தனபாலன். ஆடித் திருவிழாவுக்கு மாரியம்மனைப் பார்க்க ஆயிரம் பேர் வருவார்கள். முனீஸ்வரருக்குக் கிடா வெட்டும் நாளில் நூறு பேர் வந்தால் அதிகம். அதை நினைத்தால்தான் காந்தனுக்குச் சோறு இறங்கும்.

அந்தச் சோற்றில் மண்ணைப் போட வந்தது கோயில் ஹைவே. அரசாங்கக் காகிதத்தில் அதற்கு வேறு பெயர். ஜொகூர் எல்லையில் தொடங்கி மலாக்கா, நெகிரி செம்பிலான் வழியாகப் பகாங் வரை போகுமாம். ஒரு கிளை பத்துமலைப் பக்கம் திரும்புமாம். சன்னாசிமலை, பத்துமலை, மாரான் என்று நம் ஜனங்கள் காவடி தூக்கும் இடங்களையெல்லாம் ஒரே ரோட்டில் பார்த்துவிட்டு வரலாம் என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அது கோயில் ஹைவேதான். வழியில் இருக்கும் கோயில்களின் பெயரைப் பழுப்பு நிறப் பலகையில் எழுதி வைப்பார்கள் என்றும் பேச்சு.

டவுன் மண்டபத்தில் வரைபடத்தை மாட்டி, ஜனங்களைப் பார்க்க வரச் சொன்னார்கள். காந்தன் போவதற்குள் தனபாலன் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர் விரல் ஒரு சிவப்புக் கோட்டின் மேல் இருந்தது.

"சகலை, இங்க பாருங்க. எக்ஸிட் நம்ம முனி வாசல்லயே வருது லா! பேரு கூடப் போட்டுட்டாங்க."

காந்தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மலாய்க்காரர் கோயிலைக் குயில் என்பார்கள்; குயில் முனீஸ்வரர் என்று மலாயில் எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு கோபுரம்கூட வரைந்திருந்தார்கள். முனீஸ்வரருக்குக் கோபுரமே கிடையாது, தகரக் கொட்டகைதான். மாரியம்மன் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிறம் மட்டும் இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

"சந்தோஷம்," என்றார் காந்தன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் சாப்பிடவில்லை. "ஆயிரம் பேரு வர்ற கோயிலுக்கு ஒரு புள்ளி இல்ல. மரத்தடியில நிக்கிற கல்லுக்கு எக்ஸிட்டாம், போர்டாம்."

"சாமிய கல்லுங்காதீங்க," என்றாள் ராகினி. "அத்தானா வந்து மேப்பு வரைஞ்சாரு? மீனு ஆறுது, சாப்பிடுங்க."

மீனும் ஆறியது, குழம்பும் ஆறியது. காந்தனின் வயிறு மட்டும் ஆறவில்லை.

மூன்று வாரம் கழித்து, ரோட்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வழிபாட்டு இடங்களை அளக்க ஆட்கள் வந்தார்கள். தலைமை தாங்கி வந்தவள் நூருல் ஹுதா என்ற பெண். மலாக்கா டவுனில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். நன்றாகத் தமிழ் பேசினாள். காந்தன் அவளுக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, இளநீர் வெட்டிக் கொடுத்தார். செம்பனைக்கு நடுவே பொன்னாடையோடு நின்ற அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அங்கிள், கோயிலோட எல்லை எதுவரைக்கும்னு காட்டுங்க. நாங்க மார்க் பண்ணிக்கிறோம்."

காந்தனின் கையில் ஃபைல் இருந்தது. அதற்குள் பழைய தோட்ட நிர்வாகம் கொடுத்த கடிதம். நாற்பதடிக்கு அறுபதடி என்று தெளிவாக எழுதியிருந்தது. அதை எடுக்கப் போனவர் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தப் பக்கம் முனீஸ்வரர் கோயில் எவ்வளவு காட்டுனாங்க?"

"கால் ஏக்கர். நல்லா வேலி போட்டு வச்சிருக்காரு அந்த அங்கிள்."

கால் ஏக்கர்! அம்மன் கோயிலைப் போல நான்கு மடங்கு. காந்தன் ஃபைலை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எல்லைதானே? வாங்க, நடந்தே காட்டுறேன். ஆடி மாசம் காப்புக் கட்டுனா எங்க ஆத்தா கரகம் எல்லை சுத்தி வரும். ஆத்துப் பாலம், பழைய கெணறு, செம்மண் ரோட்டு முச்சந்தி, அந்தக் கோடியில தண்ணி டேங்கு. நாலு மூலையிலயும் எலுமிச்சம்பழம் அறுத்து வேப்பிலை கட்டுவோம். காப்புக் கட்டுனவன் அதத் தாண்டி ராத்திரி தங்கமாட்டான். அம்புட்டும் ஆத்தா எல்லைமா."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அந்தப் பெண் கேட்டது கோயிலின் எல்லையை. இவர் காட்டியது அம்மனின் எல்லையை. தண்ணீர் டாங்கி தனபாலனின் வேலியிலிருந்து கல்லெறியும் தூரத்தில் இருந்தது. சிவப்புக் கோடு அதற்கும் இந்தப் பக்கம்தான், அவர் காட்டிய எல்லைக்கு உள்ளேயே போனது. நூருல் ஹுதா கையிலிருந்த கருவியில் ஒவ்வொரு மூலையையும் குறித்துக்கொண்டே வந்தாள்.

"இருபது ஏக்கருக்கு மேல வருது அங்கிள். இவ்வளவும் கோயில் பயன்பாடுதானா?"

"வருஷா வருஷம்," என்று காந்தன் பத்து வருஷத்துத் திருவிழா ஆல்பத்தைக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டார். இருபதை நாலால் பெருக்கி, தனபாலனைவிட எண்பது மடங்கு என்று கணக்குப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அன்று மீன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

இரண்டு மாதத்தில் திருத்திய வரைபடம் வந்தது. பெரிய வழிபாட்டு இடம் ஒன்றைத் தொடக்கூடாது என்று ரோட்டைக் கிழக்கே நகர்த்தியிருந்தார்கள். மேற்கே ஆறு இருப்பதால் நகர்வதற்கு அந்தப் பக்கம்தான் வழி. குயில் மாரியம்மன் என்று பெரிய எழுத்தில் இருந்தது, எக்ஸிட் அதற்கு நேராக வந்தது. முனீஸ்வரர் இருந்த இடத்தின் மேல் சிவப்புக் கோடு படுத்திருந்தது. கோயிலை வேறு இடத்துக்கு மாற்றத் தயாராகும்படி தனபாலனுக்குக் கடிதமும் போயிருந்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த வரைபடத்தைப் பார்த்ததும் காந்தனுக்கு வயிறு குளிர்ந்தது. நெஞ்சு திக்கென்றது பிறகுதான்.

அந்தக் குளிர்ச்சியும் ஒரு வாரத்துக்கு மேல் நிலைக்கவில்லை. ஊரெல்லாம் தனபாலனைப் பார்க்கப் படையெடுத்தது. கிளேபாங்கிலிருந்துகூட ஆட்கள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கும் தனபாலனின் படம் பத்திரிகையில் வந்தது. நூறு பேர் வராத முனீஸ்வரருக்கு வெள்ளிக்கிழமைதோறும் முந்நூறு பேர். மாரியம்மன் பேர் மேப்பில் வந்ததைப் பற்றிப் பேச ஒரு நாதி இல்லை. கோயில் போகப் போகிறது என்றாலும் கூட்டம் இவனுக்குத்தானா என்று காந்தன் குமைந்தார். துக்கத்திலும் சகலை முந்திக்கொண்டார்.

ராகினி கேட்டாள். "அன்னைக்கு அளக்க வந்தாங்களே, நீங்க எதக் காட்டுனீங்க?"

"எல்லையைத்தான்."

"எந்த எல்லைய?"

காந்தன் காற்றில் விரலால் ஒரு பெரிய வட்டம் போட்டார். ராகினிக்குப் பதில் கிடைத்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நாப்பதுக்கு அறுபது கோயிலுக்குக் கரகம் போற எல்லையக் காட்டுனீங்களா? அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனபாலனே வீட்டுக்கு வந்தார். சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை. எப்போதும் சோபாவில் சாய்ந்து உட்காருகிறவர் நுனியில் உட்கார்ந்தார்.

"சகலை, மனு கொடுத்துப் பாத்தேன், ஆளப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல. மரத்தோட இருக்கிறவர எங்க தூக்கிட்டுப் போவேன்? உங்க கோயிலுக்குத்தான் இருவது ஏக்கருன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. ஒரு மூலை கொடுங்க. அவரு ஆத்தாவுக்குக் காவலாவே இருந்துட்டுப் போறாரு."

காந்தன் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். எந்த மூலையைக் கொடுப்பது? அந்த இருபது ஏக்கரும் செம்பனை, கம்பெனிக்குச் சொந்தம். கோயிலுக்கு இருக்கிற நாற்பதுக்கு அறுபதில் மடப்பள்ளிக்கே இடம் போதாமல் திருவிழாச் சமையலைத் தார்ப்பாயின் கீழ் செய்கிறார்கள்.

"பாக்கலாம், சகலை. ஒரு மூலை என்ன பெரிசு," என்றார். வேறு என்ன சொல்வார்?

அன்று முழுவதும் இரண்டு விஷயம் அவரைப் பிடுங்கித் தின்றன. ஒன்று, சகலை சோபா நுனியில் உட்கார்ந்திருந்த விதம். இருபத்தெட்டு வருஷத்தில் தனபாலன் அப்படி ஒடுங்கி உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதுண்டு, பார்த்தபோது பிடிக்கவில்லை. இன்னொன்று, முனீஸ்வரர் எப்படியோ அம்மன் வாசலுக்கு வந்துவிட்டால் அந்த முந்நூறு பேரும் பின்னாலேயே வருவார்கள். அப்புறம் அது தனபாலன் கோயில் ஆகிவிடும். இரண்டில் எது அவரை மறுநாள் காலையில் கிளப்பியது என்று கேட்டால், பாதிக்குப் பாதி என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆபீஸில் நூருல் ஹுதா அவர் கொடுத்த பழைய தோட்டக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"அப்ப அன்னைக்கு நீங்க காட்டினது பொய்யா, அங்கிள்?"

"பொய் இல்லமா. அது ஆத்தாவுக்கு எல்லை. கோயிலுக்கு இதான், நாப்பதுக்கு அறுபது."

"பழைய கோட்டுக்கே போனா கரகம் போற பாதைக்குக் குறுக்க ரோடு வரும்."

"கரகம் பாதியில திரும்பிக்கும்."

"எக்ஸிட், போர்டு எல்லாம் அவங்க பக்கம் போயிரும். உங்க கோயில் பேரு மேப்புல இருக்காது."

"தெரியும்."

"பேரு சுத்தமா இருக்காது அங்கிள், அதான் சொல்றேன்."

"ஏம்மா அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி உசிர வாங்குறீங்க? கையெழுத்து எங்க போடணும், அதச் சொல்லுங்க!"

தன் கையாலேயே நாற்பது, அறுபது என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டு எண்ணும் இவ்வளவு சின்னதாக அவருக்கு அதுவரை தெரிந்ததில்லை. வீட்டில் ராகினியிடம் மட்டும் சொன்னார். அவள் காப்பி கலக்கிக் கொடுத்தாள், சர்க்கரை ஒரு கரண்டி கூடவே.

ஆறு வாரத்தில் கோடு பழைய இடத்துக்குத் திரும்பியது. கடிதம் வந்த வாரமே தனபாலன் மூன்று கிடா வெட்டினார். தகரக் கொட்டகைக்கு முன்னால் பந்தல், ஸ்பீக்கர், மைக், ஐந்நூறு பேர். காந்தனை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

"ரோடு போட வந்தவனையே திருப்பி அனுப்புனாரு நம்ம முனி!" என்று தனபாலன் மைக்கில் முழங்கினார். "எந்த மனு? எந்த ஆளு? யாரும் ஒண்ணும் கிழிக்கல. அவரு சக்தி, அவரே பாத்துக்கிட்டாரு!"

கூட்டம் கை தட்டியது. நான்தான்யா போய் எழுதிக் கொடுத்தேன் என்று காந்தனுக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் கோட்டைத் திருப்பிவிட்டது நான்தான் என்றால், அதை முனீஸ்வரர் தலைமேல் இழுத்துவிட்டது யார் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் நான்தான் என்றுதான் பதில். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க வழியில்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ராகினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரே ஒரு மனுசன மட்டும் நான் மறக்க மாட்டேன்," என்றார் தனபாலன். குரல் உடைந்தது. "என் சகலை! இடம் இல்லாம நின்னப்ப, ஒரு மூலை என்ன பெரிசுன்னு கேட்டாரு. வாங்க சகலை."

பொன்னாடை தோளில் விழுந்தது. தனபாலன் கட்டிப்பிடித்து அழுதார். அப்புறம் மைக்கைக் கையில் திணித்தார். "ரெண்டு வார்த்தை பேசுங்க."

ஐந்நூறு முகம். மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரர்கள்கூடக் கிடாக் கறிக்காக வந்து உட்கார்ந்திருந்தார்கள். காந்தன் மைக்கை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். நன்றாகவே வேலை செய்தது.

"முனீஸ்வரர்," என்றார். பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டார். "முனீஸ்வரர் ரொம்ப சக்தி உள்ளவரு."

அதற்குத்தான் அன்று எல்லாவற்றையும்விடப் பெரிய கைதட்டல் கிடைத்தது. பந்தியில் இந்திராதேவியே நின்று அவருக்குப் பரிமாறினாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க தம்பி," என்று அள்ளி அள்ளி வைத்தாள். கறி பஞ்சு போல வெந்திருந்தது. அவர் கோயில் சமையலில் இந்தப் பதம் ஒரு வருஷமும் வந்ததில்லை. அதையும் அவரால் பொறுக்க முடியவில்லை.