மாப்பிள்ளையிடம் கேட்காத சாவி

லாரி வந்து கிடங்கின் சரக்கேற்றும் தளத்தை ஒட்டி நின்றதும் ஓட்டுநர் சாவியைக் கழற்றி மேஸ்திரியிடம் கொடுத்துவிட வேண்டும். லாரிக்கும் தளத்துக்கும் நடுவே பாலமாகக் கிடப்பது ஓர் இரும்புப் பலகைதான். அதன்மேல் ஃபோர்க்லிஃப்ட் போகும்போது லாரி ஓரடி நகர்ந்தாலும் பலகை நழுவி, வண்டி ஆளோடு கவிழ்ந்துவிடும். சாவி மேஸ்திரியின் பையில் இருந்தால் லாரி நகராது.

யாராக இருந்தாலும் கறாராகக் கேட்டு வாங்குகிற மேஸ்திரிக்கு, அன்று வந்த ஓட்டுநரிடம் மட்டும் நாக்கு எழவில்லை. அந்த ஓட்டுநர் மேஸ்திரியின் தங்கையைப் புதிதாகக் கட்டியவர்.

"என்ன மேஸ்திரி, மாப்பிள்ளைன்னா சாவி வேணாமா?" என்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் குண்டண்ணன் கிண்டலடித்தார்.

"கேட்டா அவரை நம்பாத மாதிரி ஆயிடும்ணே. நீங்க போங்க."

குண்டண்ணன் சிரித்துக்கொண்டே லாரிக்குள் போனார். கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு அவர் பலகைமேல் திரும்பி வரும்போது, வேலை முடிந்ததென்று நினைத்து மாப்பிள்ளை லாரியைக் கிளப்பிவிட்டார்.

சாயங்காலம் பிணவறை வாசலில் மாப்பிள்ளை மேஸ்திரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கேட்டிருந்தா நான் தப்பா எடுத்திருக்க மாட்டேனே, மச்சான்."

அவர் சாவியை நீட்டினார். மேஸ்திரி வாங்கிக்கொண்டார்.