ஷஃபானா எடுத்துவைத்த விதை

சதுரங்கப்பட்டினத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஜலாலுதீனின் ஒரே மகள் ஷஃபானா. கனடாவில் படித்துக்கொண்டிருந்தவள், ஒரு ஜனவரி மாதம் பனியில் கார் சறுக்கி இறந்துபோனாள். விசா கிடைப்பதற்குள் அங்கேயே அடக்கம் முடிந்துவிட்டது. பெற்றவர்கள் அதைப் போனில்தான் பார்த்தார்கள்.

ஆகஸ்டில் ஊருக்கு வந்த அறைத்தோழி ஷாரோன், அவளுடைய பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். துணிகளுக்கு நடுவே ஒரு பொட்டலத்தில் காய்ந்த பழங்கள் இருந்தன. ஹனிபெர்ரி என்றாள் ஷாரோன். நாவல் நிறத்தில், விரல்நுனி நீளத்துக்குப் பழுக்குமாம். புளிப்பும் இனிப்புமாக இருக்குமாம். தங்கியிருந்த வீட்டின் பின்பக்கம் ஷஃபானாவே வளர்த்தாளாம். ஊருக்கு வரும்போது அம்மாவுக்குக் கொடுக்க எடுத்துவைத்தாளாம்.

ஜலாலுதீன் அந்தப் பழங்களை ஊறவைத்து, பொடி விதைகளைப் பிரித்துத் தொட்டியில் தூவினார். இந்த வெயிலுக்கு அது நிற்காது என்று ஷாரோன் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. பதினோரு நாற்று வந்து, டிசம்பருக்குள் இரண்டு மிஞ்சின. ஒற்றைச் செடி காய்க்காது, துணைக்கு இன்னொன்று வேண்டும் என்பதால் இரண்டையும் கொல்லையில் நாலடி தள்ளி நட்டார். மேற்கு வெயிலை மறைக்க ஏற்கெனவே அகத்தி போட்டிருந்தார். பூச்சி அண்டாமலிருக்கப் பூண்டு, தேனீ வரத் துலுக்கச் சாமந்தி, மண் காயாமலிருக்கப் புதினா. தொழுதுவிட்டு வந்ததும் நேராக அங்கேதான் போவார். அவர் மனைவி ஷாஜாதி அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை.

ஏப்ரலில் இலைகள் ஓரம் கருகின. பச்சை வலை கட்டினார். கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து ஈரச்சாக்கு போர்த்தினார். கத்திரி வெயில் தொடங்கிய நாலாம் நாள் ஒரு செடி போனது. மற்றதைத் தொட்டிக்கு மாற்றி, ஏசி இருக்கும் ஷஃபானாவின் அறைக்குத் தூக்கிப்போனார். ஒரு வாரத்தில் அதுவும் வெறும் குச்சியானது.

அன்று மத்தியானம் அறையைப் பெருக்க வந்த ஷாஜாதி, தொட்டியைக் கட்டிக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"செடிதானே, வுடுங்க," என்றாள்.

அவர் தலை நிமிரவில்லை.

"அவ போறதுக்கு முந்தின மாசம், டிசம்பர்ல, எனக்குப் போன் போட்டா. பஸ் ஸ்டாப்புல நின்னுகினு அழுதா. குளிர் தாங்கல அத்தா, வூட்டுக்கு வந்துர்றேன்னா. படிப்பு முடிய இன்னும் ஆறு மாசம்தானே, பொறுத்துக்கோன்னு நான்தான் சொன்னேன். உன்னாண்ட சொல்லவே இல்ல."

ஷாஜாதி துடைப்பத்தைக் கீழே போட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"அடுத்த நாளு எனக்கும் போட்டா. நானும் அதையேதான் சொன்னேன்."

கடை பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு யாரோ வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்திருக்கவில்லை.