பார்க்க வேண்டியவற்றில் நான்காவது

1. எரிமலை வாய்

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் கிரேக்கத் தீவில் பார்க்க வேண்டியவற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி நகராட்சியில் கேட்டார்கள். பள்ளத்தில் இறங்கலாம், கந்தக நாற்றத்தை முகரலாம், செருப்பு உருகுகிறது என்று ஊருக்குப் படம் அனுப்பலாம். (உருகாது. அதைச் சொன்னால் யார் வருவார்கள்?)

2. கறுப்பு மணல்

'நள்ளிரவின் நிறத்தில் விரிந்து கிடக்கும் இந்த...' வேண்டாம். கறுப்பாக இருக்கும், கால் சுடும்.

3. வெந்நீர் ஊற்று

மூட்டுவலிக்கு நல்லது என்கிறார்கள். என் மூட்டைக் கேட்டால் வேறு சொல்லும்.

4. அந்தி சாயும் முற்றம்

இங்கேதான் பேனா மக்கர் செய்தது. சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கத் தீவிலேயே நல்ல இடம் மரூசோ அத்தை வீட்டு முற்றம். ஒரு காலத்தில் அதன் வழியாகத்தான் ஊரே தேவாலயத்துக்குப் போகும். அவள் புருஷன் யாகோவோஸ் யாரிடமோ முறைத்துக்கொண்டு கதவைப் பூட்டினார். மனுஷன் பூட்டியது பூட்டியதுதான். தடியூன்றி நடப்பவர்களும் மலையைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

(எழுத்திலாவது அவரை நல்லவராக்கிப் பார்த்தேன். மசியவில்லை.)

போன வருஷம் அவர் செத்துப்போனார். நாற்பதாம் நாள் அத்தை கோதுமையை அவித்து, மாதுளையும் பாதாமும் கலந்து, சர்க்கரை தூவித் தேவாலயத்துக்குக் கொண்டுபோனாள். அதை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் 'கடவுள் அவரை மன்னிக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். சொல்ல ஊரில் ஒருத்தர்கூட வரவில்லை. (நான் ஏதென்ஸில் இருந்தேன், நம்புங்கள்.)

தட்டைத் திரும்பத் தூக்கி வந்தவள் முற்றத்துக் கதவைத் திறந்து வைத்தாள். வந்தது சுற்றுலாக் கூட்டம். தட்டைக் காலி செய்து, சூரியனுக்குக் கைதட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: 'அந்தி நேரத்தில் இலவச இனிப்பு. தவற விடாதீர்கள்!'

இந்தப் பக்கத்துக்காகத் தேடும்போது அது கண்ணில் பட்டு, விழுந்து விழுந்து சிரித்தேன். கிண்டலாக ஒரு கதை எழுதலாமா என்று அத்தையிடமே கேட்கப் போனேன்.

"சிரிப்பா இருக்குதாடி உனக்கு? அவ்ளோ பேர் தின்னாங்க, ஒருத்தர்கூட அந்த வார்த்தையச் சொல்லல. மனுஷன் எங்க கிடந்து அல்லாடுறாரோ."

"அவங்களுக்கு வழக்கம் தெரியாதே அத்தை."

"தெரிஞ்சவங்க வந்தாங்களாக்கும்! அடுத்த மாசம் வருஷ நினைவு. உன் காகிதத்துல என் வீட்டையும் போடு."

"ஊர்க்காரங்களயே கூப்பிட்டுப் பாரேன்."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு? அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி என்கிட்டயும்தான்டி இருந்துச்சு."

அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5. முடிவு

அத்தை வீட்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். 'துக்க வீடு விளம்பரத்துக்கு ஆகாது' என்று நகராட்சியில் நான்காவதை அடித்துவிட்டார்கள். அதனால்தான் கதையாயிற்று.

ஒரு முடிவு: ஊரே திரண்டு வந்து கண்ணீர் மல்க... (எங்கள் ஊரை எனக்குத் தெரியும்.) இன்னொன்று: ஒருவரும் வராமல், கோதுமை காய்ந்து... எழுத மனசு வரவில்லை.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். அடுத்த மாதம் கதவு திறந்திருக்கும். வாருங்கள், சாப்பிடுங்கள். யாகோவோஸ் உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அந்த வார்த்தையைச் சொல்ல உங்களுக்கு வலிக்காது. எந்த மொழியிலும் சொல்லலாம். அத்தை உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.