மாப்பிள்ளை கைராசி

சுகிர்தாவின் அக்காள் புருஷன் சங்கர், சாப்பிட்டு எழுந்ததும் ஈர்க்குச்சியால் பல் குத்துவான். குத்தி எடுத்ததை ஒருமுறை உற்றுப் பார்ப்பான். பிறகு அதே குச்சியை எதிரில் இருப்பவர் முகத்துக்கு நேராக நீட்டிப் பாடம் நடத்த ஆரம்பிப்பான். சென்னையில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அங்கே அவன் பார்ப்பது மற்றவர்களின் லீவுக் கணக்கை என்று அக்காள் ராஜராஜேஸ்வரி ஒருநாள் வாய்தவறிச் சொல்லியிருக்கிறாள். ஆனால் திருநெல்வேலி டவுணில், தெற்கு ரத வீதிக்குப் பின்னால் இருக்கும் மாமனார் வீட்டில், கம்ப்யூட்டர் என்று பேச்செடுத்தால் கடைசி வார்த்தை அவனுடையதுதான். மாப்பிள்ளை அல்லவா, யார் கேட்பது?

சுகிர்தாவுக்கு அந்தக் குச்சியைக் கண்டாலே சாப்பிட்டது தொண்டைக்கு வந்துவிடும்.

அவள் பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு வந்ததும் மாடி அறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் உட்காருவாள். அணிக்கு ஐந்து பேர். பொழுதுபோக்காகத் தொடங்கியது, அவள் கை வேகத்தால் வேறெங்கோ வந்து நின்றது. சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருக்கும் சென்னை அணி ஒன்றில் ஓர் இடம் காலி. முதல் சுற்றில் அவளைப் பார்த்தவர்கள், "கை பிரமாதம், மெஷின்தான் திக்குது. சரி பண்ணிட்டு ஞாயித்துக்கிழமை வாங்க. அதுக்கு மேல கூப்பிட மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். ஆடிட்டர் ஆபீசின் பழுப்புக் காகித நாற்றத்திலிருந்து வெளியேற அவளுக்குக் கிடைத்த ஒரே கதவு அது.

அந்த அணியில் ஏற்கெனவே ஆடுகிறவன் முஹ்சின், மேலப்பாளையத்துக்காரன், இப்போது சென்னைவாசி. அவளுடைய கோளாறைக் கண்டுபிடித்தவன் அவன்தான்.

"ஒன் கிராபிக்ஸ் கார்டு பாதி நேரம் சும்மா உக்காந்திருக்கு சுகி. பிராசசருக்குத்தான் மூச்சு முட்டுது. புகைக்குண்டு வெடிச்சு எல்லாரும் ஒரே எடத்துல கூடும்போது படம் நிக்குதுல்லா, அதான் வெனை."

புது பிராசசர் அவளுடைய பழைய மதர்போர்டில் உட்காராது. ஆகவே போர்டும் மாற்ற வேண்டும், ராம் மெமரியும் மாற்ற வேண்டும். பல நாள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி அலசினார்கள். பெரிய பேரும், கோர் என்கிற உள்மூளை பதினாறும் வீடியோ வெட்டுகிறவர்களுக்கு. விளையாட்டுக்கு எட்டு போதும், ஆனால் ஒவ்வொன்றும் வேகமாக ஓட வேண்டும், உள்ளேயே கேஷ் என்கிற கைநினைவு நிறைய இருக்க வேண்டும். போர்டில் கலர் விளக்கெல்லாம் வெட்டிப் பகட்டு. மின்சாரம் வாங்கிக் கொடுக்கும் பகுதியில் சூட்டை இழுக்கும் தடித்த அலுமினியக் கட்டி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறையில், சித்திரை வெயிலில், போர்டு சுட்டுப்போய் பிராசசரையும் சேர்த்துப் படுக்க வைத்துவிடும். இப்படிச் சல்லடை போட்டுத்தான் சுகிர்தா ஒரு பிராசசரையும் அதற்கேற்ற போர்டையும் பொறுக்கினாள்.

அந்த நேரம் பார்த்து சங்கர் குடும்பத்தோடு லீவுக்கு வந்து இறங்கினான். விஷயம் காதில் விழுந்ததும் குச்சி நீண்டது.

"வாங்குனா இருக்கதுலயே பெரிய பிராசசரா வாங்கணும். போர்டுல என்ன இருக்கு? அது வெறும் பலகை. உள்ளதுல மலிவா ஒண்ணப் போடு."

"சுட்டுரும் அத்தான். பெரிய பிராசசருக்கு மலிவு போர்டு தாங்காது."

"யாரு சொன்னா? அந்த மேலப்பாளையத்துப் பயலா?"

அப்பா திருஞானசம்பந்தம் நடுவில் புகுந்தார். "ஏட்டி, மாப்பிள சொல்லுதாவல்லா. கேட்டாத்தான் என்ன?"

சுகிர்தா கேட்கவில்லை. தன் சம்பளத்தில், தான் பொறுக்கியதையே வரவழைத்தாள். சங்கர் இரண்டு வேளை சரியாகச் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அந்த வீட்டில் பூகம்பம் வந்தால்கூட இத்தனை கலக்கம் இருந்திருக்காது. மாப்பிள்ளையைக் குளிர வைக்க வழி தேடித் தேடி, அப்பா கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

சனிக்கிழமை அவள் ஆபீசில் இருந்தபோது பார்சல் வந்தது. சாயந்திரம் வீட்டுக்குள் நுழையும்போதே சாம்பிராணி வாசம். அம்மா பிரம்மநாயகி சிரித்துக்கொண்டே எதிரில் வந்தாள்.

"நல்ல நேரம் தப்பிரக் கூடாதுன்னு பூசையப் போட்டாச்சுட்டி. அப்பாதான் மாப்பிள கையாலயே பிரிக்கட்டும்னாவ. ராசியான கைல்லா!"

சுகிர்தா செருப்பைக்கூடக் கழற்றாமல் சாமி அறைக்கு ஓடினாள். தாம்பாளத்தில் வெற்றிலை, வாழைப்பழம், நடுவில் அவளுடைய மதர்போர்டு. ஓரமெல்லாம் மூன்று கோடாய் விபூதி. மேலே கதம்பச் சரம். பிராசசர் உட்கார வேண்டிய நடு இடத்தை மூடியிருந்த கறுப்பு மூடியைக் காணவில்லை. முடியைவிட மெல்லிய ஆயிரம் ஊசிகள் நிற்கும் அந்த இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் அப்பியிருந்தது. சந்தனத்தின் நெஞ்சில் குங்குமம். விரல் ரேகை அச்சடித்த மாதிரி பதிந்திருந்தது.

சங்கர் பின்னாலேயே வந்து நின்றான். கையில் அல்வாப் பொட்டலம். நெய் மணிக்கட்டு வரை வழிந்துகொண்டிருந்தது.

"மூடிய நாந்தான் கழத்துனேன். அது எப்பிடிக் கழத்தணும்னு எல்லாருக்கும் தெரியாது. அதான் போர்டுக்கு நெஞ்சு மாதிரி. பொட்டு அங்கனதான் வைக்கணும். நல்லா அழுத்தி வச்சிருக்கேன், உதுராது."

நெய்யும் சந்தனமும் அந்த விரலும் ஒன்றாகச் சேர்ந்து கண்ணுக்கு முன்னால் வந்தன. சுகிர்தாவுக்கு உண்மையிலேயே ஓங்கரித்தது. முற்றத்துக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்காவது பூமாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பேசாமல் போகும், ராசி என்று சொல்லிக்கொண்டு பல்லிளிக்காது.

தையல் ஊசியும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு அவள் சுரண்டிப் பார்த்தாள். சந்தனம் வந்தது, கூடவே ஊசிகளும் சாய்ந்து வந்தன. ஜங்ஷன் பக்கம் இருக்கும் கடைக்காரர் ஒரே பார்வையில் உதட்டைப் பிதுக்கினார். "ஊசி வளைஞ்சா கம்பெனிக்காரன் எடுக்க மாட்டான்மா. புதுசு சென்னைலருந்துதான் வரணும். நாலஞ்சு நாளாவும்."

ஞாயிற்றுக்கிழமை பழைய மெஷினிலேயே ஆடினாள். வேறு வழி? முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசிக் கட்டத்தில் எதிரணி புகைக்குண்டு போட்டது. எல்லோரும் ஒரே சந்துக்குள் கூடினார்கள். படம் நின்றது. மறுபடி நகர்ந்தபோது அவள் செத்துக் கிடந்தாள். பிறகு முஹ்சின் ஹெட்செட்டில் பைய, "அவுங்க வேற ஆளப் பாத்துக்கிடுதோம்னுட்டாவ சுகி" என்றான்.

அவள் கீழே வந்தாள். சங்கர் குடும்பம் ஊருக்குக் கிளம்புகிற நேரம். வழியனுப்புவதற்காகத் தாம்பாளத்தில் விபூதியும் குங்குமமும் சந்தனக் கிண்ணமும் தயாராக இருந்தன. சங்கர் நாற்காலியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். பக்கத்து முக்காலியில் அவனுடைய புத்தம்புதுப் போன். வந்த நாள் முதல் அதன் விலையைக் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"என்னாச்சு சுகி, தோத்துட்டியாமே? நான் அப்பவே சொன்னேன், பெரிய பிராசசரா வாங்குன்னு. போட்டும், வெளையாட்டுதான?"

அப்பா தலையாட்டினார். "மாப்பிள சொல்லுததும் சரிதான். அடுத்த தடவையாவது கேட்டுக்கோ."

சுகிர்தாவுக்கு அழுகை வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. அந்தக் குச்சியின் மேல், அந்தத் தலையாட்டலின் மேல், இத்தனை நாள் 'அத்தான்' என்று மரியாதையாகக் கூப்பிட்ட தன் வாயின் மேல். அவள் முக்காலியிலிருந்து போனை எடுத்தாள்.

"இது புதுசுல்லா அத்தான்? இதுக்குப் பூசை போட்டாச்சா?"

"போனுக்கு எதுக்குட்டி பூச?" என்று சங்கர் சிரித்தான்.

"அது எப்பிடி? நம்ம வீட்டு வழக்கத்த நாமளே விடலாமா?"

அவள் போனைத் தலைகீழாகத் திருப்பினாள். சார்ஜர் சொருகும் ஓட்டை மேலே வந்தது. "இதான் இதுக்கு நெஞ்சு" என்றாள்.

சங்கரின் வாயிலிருந்த குச்சி கீழே விழுந்தது. "ஏய், ஏய்! மாமா, அவளப் பாருங்க மாமா!" அப்பா பதறி எழுந்தார். தாம்பாளம் சுகிர்தாவின் கைக்கு எட்டாமல் நடுமேசையில் இருந்தது.

அக்காள் ராஜராஜேஸ்வரி ஒருபக்கம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குச்சிக்கு முன்னால் உட்கார்ந்து வருகிறவள். அவள் பெட்டிக்கு ஜிப் போடுவதை நிறுத்தினாள். சந்தனக் கிண்ணத்தை எடுத்துத் தங்கையின் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"நல்லா அழுத்தி வைட்டி" என்றாள். "உதுரக் கூடாது."