முந்திரிக் கை

கண்ணை மூடச் சொல்லிவிட்டு, சுகுணா மேடம் பஞ்சால் விரல் நுனியைத் தொட்டார். தொட்டாரா இல்லையா என்பதுதான் செவந்திக்குத் தெரியவில்லை. குத்துமதிப்பாக "இப்ப" என்றாள். இன்னொரு தடவை "இப்ப" என்றாள். மேடத்தின் பேனா தாளில் கீறுவது கேட்டபோதே தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று புரிந்தது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி உதவியாளர் படிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள். நாலு மணி நேரம் நிற்க முடியுமா, இருபது கிலோவைக் கீழிருந்து தூக்க முடியுமா, எட்ட நிற்பவர் சொல்வது காதில் விழுமா என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார்கள். அதிலெல்லாம் செவந்தியை அடித்துக்கொள்ள ஆளில்லை. காலையில் வந்த பதினோரு பேரில் மூட்டையை மூச்சு வாங்காமல் தூக்கியவள் அவள் ஒருத்திதான். கடைசியில் இந்தப் பஞ்சு வந்து கழுத்தை அறுத்தது.

தப்பு அவள்மேல்தான். ஆதனக்கோட்டையில் ஏழு வருஷமாக முந்திரி உடைக்கிறாள். ஓட்டிலிருந்து கசியும் பால் பட்டுப் பட்டு விரலெல்லாம் கரி பூசினாற்போல இருக்கும். இந்தக் கையோடு போனால் எந்த நோயாளி தொட விடுவான் என்று பயந்து, இரண்டு நாளாக பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்துத் தேய்த்திருந்தாள். கறுப்பு பாதிதான் போனது. தோல் மொத்தமும் வெந்து மரத்துவிட்டது. அடி கூறுகெட்டவளே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மேடம் கெட்டவர் இல்லை. தொட்டுப் பார்த்தால்தான் இந்த வேலை, விரல் மரத்தவர்களை நம்பி நோயாளியை ஒப்படைக்க முடியாது என்று தன்மையாகவே சொன்னார். கம்ப்யூட்டர் படிப்பில் இடம் இருக்கிறதாம், அதில் சேர்ந்துகொள்ளலாமாம். அடுத்த ஆளைக் கூப்பிட வாசல் பக்கம் திரும்பினார். செவந்திக்கு மூக்கு விடைத்தது. ஏழு வருஷம் சோறு போட்ட கையை ஒளித்துக்கொண்டு வந்ததும் இல்லாமல், இப்போது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பஸ் ஏறுவதா? அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"நான் எந்திரிக்க மாட்டேன் மேடம். இது முந்திரி ஒடைக்கிற கை. அத மறைக்கப் போயித்தான் புண்ணாக்கிட்டு வந்துருக்கேன். பஞ்சு தெரியலதான், இல்லைங்கல. ஆனா எம்புட்டு அழுத்துனா ஓடு ஒடையும், எங்கிட்டு நிப்பாட்டுனா பருப்பு ஒடையாதுன்னு இந்தக் கைக்குத் தெரியும். ஒரு ஆளத் தொட விட்டுட்டு அப்பறம் போகச் சொல்லுங்க."

பக்கத்துக் கட்டிலில், தோள் இறுகிப்போய் வைத்தியத்துக்கு வந்திருந்த லாரி டிரைவர் ஜஸ்டின் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நம்ம தோளைப் பார்க்கட்டுமே என்றார். மேடம், தான் விடு என்றால் விட்டுவிட வேண்டும் என்று சொல்லி, பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

செவந்தி ஒரு கையை அவர் தோளில் வைத்து, இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கி மெல்ல உயர்த்தினாள். உள்ளே சதை வழிவிட்டு வந்தது. நெஞ்சு உயரம் தாண்டியதும் லேசாக முறுக்கிக்கொண்டது. ஜஸ்டின் முகம் சுளிக்கவில்லை, மூச்சும் மாறவில்லை. ஆனாலும் அவள் அங்கேயே நிறுத்திவிட்டாள். இதற்கு மேல் போனால் உடையும் என்று கை சொன்னது. மேடம் ஜஸ்டினின் சீட்டை எடுத்து, வலி தொடங்கும் உயரம் என்று காலையில் தான் குறித்திருந்த அளவைப் பார்த்தார். திரும்ப அவர் தோளைப் பார்த்தார்; அந்த அளவுக்குச் சற்றுக் கீழேயே கை நின்றிருந்தது.

"வலிக்கிறதுக்கு முன்னாடியே நிப்பாட்டிருச்சு மேடம் இந்தப் புள்ள," என்றார் ஜஸ்டின். "நேத்து ஒங்க ஆளு நான் கத்துனதுக்கு அப்பறந்தான் விட்டாரு."

மேடம் சீட்டைக் கீழே வைத்தார். விதி விதிதான், பஞ்சு தெரிந்தால்தான் சேர்க்க முடியும் என்றார். பத்து நாளில் தோல் ஆறியதும் வரலாம், ஆனால் அதுவரை இடம் காலியாக இருக்குமென்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். செவந்தி, ஜஸ்டின் அண்ணன் சொன்னதையும் தன் சோதனைத் தாளில் எழுதச் சொல்லி நின்றாள். எழுதி முடிக்கும்வரை பார்வையை எடுக்கவில்லை.

கீழே கையெழுத்துப் போட்டாள். பிறகு மேசையில் கிடந்த மைப்பெட்டியைத் தானாகவே திறந்தாள். படித்த பெண் எதற்குக் கைநாட்டு வைக்கிறாய் என்று மேடம் தடுத்தார். அவள் கேட்கவில்லை. கட்டைவிரலை மையில் தோய்த்து, பெயருக்குப் பக்கத்தில் அழுத்தினாள். ரேகை ஒன்றுகூட விழவில்லை. வழவழவென்று ஒரு நீல வட்டம் மட்டும் விழுந்தது.

"இது இன்னைக்கு உள்ள கை. பத்தாம் நாளு வாரேன், இதுக்குப் பக்கத்துலயே இன்னொன்னு வைக்கிறேன். அந்த எடத்துல ஒண்ணும் எழுதிறாதீங்க மேடம்."

அவள் போன பிறகு அடுத்த பெண் உள்ளே வந்து நின்றாள். மேடம் இன்னும் அந்தத் தாளை மடிக்கவில்லை. ஈரம் காயாத நீல வட்டமும், அதன் பக்கத்தில் ஒரு விரல் அளவுக்கு வெள்ளையும் அவர் முன்னால் இருந்தன.